நாற்பத்தோராவது ஆள்

மாதாவை ஆறு மணிக்கு எடுத்துக்கொள்ள வேண்டியவள் ரெனிதா. அந்த ஆறு மணிக்கு அவள் அம்பத்தூர் எஸ்டேட்டில், ஏற்றுமதிக்குப் போகும் சட்டைகளின் காலரில் நூல் பிசிறு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் மாதம் வந்தால் நெமிலிச்சேரிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் இது வழக்கம். பங்குக் கோயிலிலிருந்து இரண்டடி உயர மாதா சுரூபம் ஒன்று புறப்படும். தினம் ஒரு வீடு. சாயங்காலம் அந்த வீட்டில் கூடி ஜெபமாலை சொல்வார்கள். மறுநாள் அடுத்த வீட்டுக்காரர்கள் வந்து எடுத்துப் போவார்கள். கொடுக்கிறவர் கொண்டுபோய்க் கொடுப்பதில்லை. பெறுகிறவர்தான் வந்து அழைத்துப் போக வேண்டும். இரண்டு பேர் மெழுகுவர்த்தி பிடிக்க, ஒருவர் குடை பிடிக்க, பாடிக்கொண்டே தெருவில் போவார்கள். பார்க்கிற எவருக்கும், அவர் எந்த மதமாக இருந்தாலும், சாமி போகிறது என்று தெரிந்துவிடும்.

பதினேழாம் தேதி பாஸ்கல் வீடு. பதினெட்டாம் தேதி ரெனிதா வீடு. கோயில் பட்டியலில் அப்படித்தான் இருந்தது.

ரெனிதாவுக்கு மெழுகுவர்த்தி பிடிக்க ஆள் கிடையாது. கணவன் யூஜின் ஆறு வருஷத்துக்கு முன் பெங்களூருக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டான். பிள்ளை இல்லை. ராஜகுமாரி வீட்டு மாடியில் ஒற்றை அறை, ஒரு சமையல் மேடை, காலையில் ஆறே முக்கால் ரயில். போன வருஷம் அவள் முறை வந்தபோது கோயிலைப் பெருக்குகிற பெண்கள் இரண்டு பேர் கூட வந்தார்கள். இந்த வருஷம் அவள் யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டு வராமல் போனால் அது இன்னும் கஷ்டம்.

ஐந்தரைக்கு பாஸ்கலுக்குப் போன் செய்தாள்.

"அங்கிள், ஷிப்மெண்ட் கீதுன்னு உட மாட்றாங்க. ஊடு வந்து சேர ஏழாயிடும்."

"ஆவட்டுமே. இன்னா இப்போ?"

"மழை வேற வர்ற மாதிரி கீது."

"நீ இன்னாத்துக்கு அலையற? நானே கொண்டாந்து வச்சிட்றேன். ரெண்டு தெரு தாண்டணும், அவ்ளோதான. சாவி கீழ ராஜகுமாரியாண்ட கீதா?"

"கீது. ஆனா நாங்கதான அங்கிள் வந்து எடுக்கணும்."

"மாதா இன்னா கோச்சிக்கவா போறாங்க? மெதுவா வா."

பாஸ்கலுக்கு அறுபத்திரண்டு வயது. ஆவடியில் ஒரு பட்டறையில் முப்பது வருஷம் லேத் ஓட்டி ஓய்ந்தவர். மனைவி லூர்தம்மாளுக்கு முட்டிவலி; அன்று அவளால் கூட நடக்க முடியவில்லை. தூறல் போட ஆரம்பித்ததும் பாஸ்கல் சுரூபத்தை ஒரு பூப்போட்ட டர்க்கி டவலில் தலையோடு சேர்த்துச் சுற்றினார். சாயம் பூசிய பிளாஸ்டர் சுரூபம்; நனைந்தால் கறை விழும். தூங்குகிற குழந்தையைத் தூக்குவது போல அதைத் தோளில் சாய்த்து, ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறு கையில் குடையுடன் கிளம்பினார். அதுதான் வசதி. அப்படித்தான் யாரும் தூக்குவார்கள்.

அந்த வாரம் முழுக்க எல்லார் போனிலும் ஒரே குரல் வந்துகொண்டிருந்தது. யாரோ ஒரு பெண், அழுகிற குரலில், பிள்ளை பிடிக்கிற கும்பல் நம் பக்கம் இறங்கியிருக்கிறது என்றாள். எந்த ஊர், யார் சொன்னது என்று யாரும் கேட்கவில்லை. ரெனிதாவுக்கே அது மூன்று பேரிடமிருந்து வந்திருந்தது. அவளும் இரண்டு பேருக்கு அனுப்பியிருந்தாள்.

ஆறு ஐம்பதுக்கு அவள் நெமிலிச்சேரி ஸ்டேஷனில் இறங்கியபோது தெருவிளக்குகள் எரியவில்லை. மழைக்கு மின்சாரம் போயிருந்தது. மாவு மில் முனையில் பெரிய கூட்டம். வண்டிகள் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. அவற்றின் விளக்கு வெளிச்சத்தில் முதுகுகள் மட்டும் தெரிந்தன.

மில்லுக்குப் பக்கத்தில் இட்லி மாவு விற்கும் அனுசுயா கடைப்படியில் ஏறி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா கூட்டம்?" என்றாள் ரெனிதா.

"புள்ள புடிக்கிறவன் மாட்டிக்கினான். துணியில சுத்தி தோள்ல போட்டுகினு போயிருக்கான். இன்னா கேட்டாலும் வாயத் தொறக்கலயாம். துணிய இழுத்தா உட மாட்றானாம்."

"நல்லா நாலு போடட்டும். அப்பதான் புத்தி வரும்," என்றாள் ரெனிதா.

கோபத்தில் சொல்லவில்லை. பால் விலை ஏறிவிட்டது என்று யாராவது சொன்னால் 'ஆமாம்' போடுவது போலச் சொன்னாள். சொல்லிக்கொண்டே போனை எடுத்து மணி பார்த்தாள்.

நிமிர்ந்தபோது முதுகுகளுக்கு நடுவே ஓர் இடைவெளி. அதில் ஒரு சிவப்பு ஹெல்மெட் மேலே போய்க் கீழே இறங்கியது. மறுபடியும் போய் இறங்கியது. அதைப் பிடித்திருந்தவன் தினேஷ். அவள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி ராஜகுமாரியின் ஒரே மகன். முகப்பேரில் பார்சல் டெலிவரி செய்கிறவன், ரெனிதாவை வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுகிறவன். அவன் பக்கத்தில் தெரிந்த முகங்கள் இன்னும் இரண்டு. கீழே கிடந்தவரின் முகம் தெரியவில்லை. அது பாஸ்கல் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

மாதா வந்துவிட்டிருக்கும், விளக்கேற்ற வேண்டும் என்ற அவசரத்தில் அவள் மில்லின் பின்பக்கச் சந்தில் புகுந்து வீட்டுக்கு நடந்தாள்.

அறை பூட்டியே இருந்தது. சாவியை யாரும் வாங்கவில்லை என்றாள் ராஜகுமாரி. ரெனிதா மேஜைக்கு வெள்ளைத் துணி விரித்து, இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றி, காலையிலேயே தாளித்து வைத்திருந்த சுண்டலைச் சின்னக் கிண்ணங்களில் பிரித்தாள். ஏழே காலுக்கு பாஸ்கலுக்குப் போன் செய்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி செய்தாள். மூன்றாவது தடவை யாரோ எடுத்தார்கள். மூச்சுச் சத்தம் கேட்டது. "அங்கிள்?" என்றாள். ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டார்கள்.

எட்டு மணிக்கு லூர்தம்மாளிடமிருந்து போன் வந்தது.

"ரெனிதா, அவரு இன்னும் அங்கதான் கீறாரா? மாத்திரை போடணும். அனுப்பி உடு."

அப்போதுதான் அவளுக்கு டவல், தோள், வாயைத் திறக்காத ஆள் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. அவள் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

பாஸ்கல் நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். இடையில் கண் திறக்கவில்லை.

அடக்கத்துக்குக் கோயில்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். தெருக்காரர்கள் யாரும் வரவில்லை. அவர்களுக்கும் பாஸ்கலைத் தெரியும்; இருபது வருஷமாக அதே தெருவில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தவர். ஆனால் வந்தால் எதிரே நின்று லூர்தம்மாளின் முகத்தைப் பார்க்க வேண்டும். அன்று தெருவில் பாதிக் கதவுகள் பகலிலேயே சாத்தியிருந்தன.

சப் இன்ஸ்பெக்டர் திருமுருகன் கெட்டவர் இல்லை. களைத்துப்போனவர். லூர்தம்மாளையும் ரெனிதாவையும் ஒன்றாக உட்கார வைத்து விசாரித்தார்.

"நீங்க யாருன்னு கேட்டப்போ அவர் ஏன்மா பதில் சொல்லல? 'சாமி சிலைங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா?"

"அவரு மாதாவத் தூக்குனா வழியில பேச மாட்டாரு சார்," என்றாள் லூர்தம்மாள். "எறக்கி வைக்கிற வரைக்கும் ஜெபமாலைதான். வாய்க்குள்ளயே சொல்லிகினு போவாரு. நானே கூப்பிட்டாக்கூடத் திரும்ப மாட்டாரு. எத்தினியோ வருசமா அப்படித்தான்."

"துணிய ஏன் விடல?"

"இழுத்தா கீழ உழுந்து ஒடஞ்சிடும்ல சார்."

திருமுருகன் பேனாவை மூடிவிட்டு மறுபடி திறந்தார்.

"நாப்பது பேரை விசாரிச்சிட்டேன்மா. நாப்பது பேரும் எல்லாம் முடிஞ்ச அப்புறம்தான் வந்தாங்களாம். முதல்ல வந்தவன்னு ஒருத்தன்கூட இல்ல. எடுத்த வீடியோவையெல்லாம் அழிச்சிட்டானுங்க. கேமரா கரண்டு இல்லாம நின்னுபோச்சு. யாரு அடிச்சான்னு பேர் சொல்ல எனக்கு ஒரு ஆள் வேணும். ஒரே ஒரு ஆள். அது இல்லேன்னா அடையாளம் தெரியாத நபர்கள்னு எழுதி வச்சிட வேண்டியதுதான்."

பிறகு ரெனிதாவைப் பார்த்தார். "நீங்க ஸ்டேஷன்லேர்ந்து அந்த வழியாத்தானே வீட்டுக்குப் போகணும்?"

"ஆமா சார்."

"என்ன பாத்தீங்க?"

லூர்தம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை சூடாக இருந்தது.

"நான் வர்றப்போ ஒண்ணும் இல்ல சார். கூட்டம் கலஞ்சிடுச்சு," என்றாள் ரெனிதா.

அப்படி அவள் நாற்பத்தோராவது ஆளானாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று பிறகு பல நாள் யோசித்தாள். தினேஷுக்காகவா? ராஜகுமாரிக்காகவா? இரண்டும் பாதிதான். போன வருஷம் மஞ்சள் காமாலையில் ரெனிதா பதினைந்து நாள் படுத்திருந்தபோது, கீழாநெல்லி அரைத்து மாடிப்படி ஏறி வந்தவள் ராஜகுமாரி ஒருத்திதான். இந்த ஊரில் அவள் இருக்கிறாளா இல்லையா என்று கவனிக்கிற ஒரே ஆள். அதை இழக்க முடியாது. ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. தினேஷ் அங்கே நின்றான் என்று சொன்னால், நீ எங்கே நின்றாய் என்று கேட்பார்கள்.

ஒரு வாரம் கழித்து ராஜகுமாரி மாடிக்கு வந்தாள். கையில் ஒன்றுமில்லை. வாசற்படியிலேயே நின்றாள்.

"ஸ்டேஷன்ல இன்னா கேட்டாங்க?"

"சும்மாதான்க்கா. மாதா என் ஊட்டுக்குத்தான் வந்துகினு இருந்தாங்களான்னு."

"நீ எதையும் பாக்கல. அந்த நேரத்துக்கு நீ ரயில்ல இருந்த. இன்னா?"

ரெனிதா அடுப்பைச் சின்னதாக்கினாள்.

"எம் புள்ள கெட்டவன் இல்ல ரெனிதா. ஒரு கொழந்தயக் காப்பாத்தணும்னுதான் எறங்கனான். வேடிக்க பாத்துகினு நின்னவன் நல்லவன், எறங்கிப் போனவன் கொலகாரனா? சொல்லு."

வேடிக்கை பார்க்கவும் நிற்காதவள் யார் என்று ரெனிதாவுக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது தினேஷ் வந்தான். இளைத்திருந்தான். வேலைக்குப் போகிறானா என்று தெரியவில்லை. தண்ணீர்த் தொட்டிப் பக்கமாகப் போய் நின்றுகொண்டு, தொட்டியிடம் பேசுவது போலப் பேசினான்.

"நீங்க போனத நான் பாத்தேன்க்கா."

"நானும் பாத்தேன்."

"சொல்லிடுவீங்களா?"

அவள் ஒரு துணியை உதறிக் கம்பியில் போட்டாள்.

"நான் பைக்ல வந்துகினு இருந்தேன். புடி புடின்னாங்க, நின்னேன். டவல்ல சின்னத் தல மாதிரி தெரிஞ்சுது. ஆடாம அசையாம இருந்துச்சு. மருந்து குடுத்து மயக்கிட்டான்னு ஒருத்தன் சொன்னான். சத்தியமா நம்புனேன்க்கா."

"சரி."

"அவரு கீழ உழுந்தப்போ ஒடைஞ்ச சத்தம் கேட்டுச்சு. துணி அவுந்துச்சு. பாத்தா கொழந்த இல்ல. மாதா. தல தனியாப் போயிடுச்சு. எல்லாரும் ஒரு நிமிசம் அப்படியே நின்னுட்டாங்க."

ரெனிதாவின் கை நின்றது. "அப்போ தெரிஞ்சிடுச்சுல்ல?"

"தெரிஞ்சிடுச்சு. பின்னாலேர்ந்து ஒருத்தன் கத்துனான். 'புள்ள இல்லடா, செலடா. செல திருடன்டா இவன்.' அவ்ளோதான். மறுபடியும் ஆரம்பிச்சிட்டாங்க."

"நீ?"

"நானுந்தான்."

"அவரு மூஞ்சி தெரிஞ்சுதா உனக்கு?"

தினேஷ் வெகுநேரம் தொட்டியின் மூடியை நகர்த்தி நகர்த்தி வைத்தான்.

"அப்பதான் தெரிஞ்சுது. நம்ம ஊட்டுக்கு வருவாரே, அவருன்னு. கை நிக்கலக்கா. நிறுத்துனா, அதுவரிக்கும் அடிச்சது தப்புன்னு ஆயிடும்ல."

அவன் அழவில்லை. பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. படியிறங்கிப் போய்விட்டான். கீழே ராஜகுமாரி, "சொன்னியாடா?" என்று கேட்பதும், அவன் ஏதோ முனகுவதும் மாடி வரை கேட்டன.

அதற்குள் தெருவில் பேச்சு வேறாகிவிட்டிருந்தது. டீக்கடையில், ரேஷன் வரிசையில், ரயிலில். "சும்மாவா அடிப்பாங்க? எதாச்சும் இருந்திருக்கும்." "கோயில் செலய எதுக்கு மூடி எடுத்துகினு போவணும்?" "அந்தாளு ஒரு மாதிரிதான். யாராண்டயும் பேச மாட்டான்." இருபது வருஷம் அந்தத் தெருவில் எல்லோருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டு போன மனிதர், செத்து ஒரு மாதத்தில் யாரிடமும் பேசாதவர் ஆகிவிட்டார். ரெனிதா ஒவ்வொரு முறையும் கேட்டாள். ஒவ்வொரு முறையும் தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்தாள்.

நவம்பர் கடைசியில் ஒரு மத்தியானம் லூர்தம்மாள் வந்தாள். முட்டி வலிக்க மாடிப்படி ஏறி, நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சு வாங்கினாள். ரெனிதா தண்ணீர் கொடுத்தாள்.

"போன வாரம் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். கேச மூடிடப் போறாங்களாம்."

"யாரு சொன்னா?"

"அந்த எஸ்.ஐ.தான். 'நான் இன்னா பண்றது, ஒரு வாய் தொறக்க மாட்டேங்குது'ன்னாரு. அதனால நானே கேக்கறேன். மூணு நாளா ஒவ்வொரு ஊடா போறேன். கதவு தொறக்கறாங்க, உக்கார சொல்றாங்க. நான் ஊர்ல இல்லன்றாங்க. தலவலின்னு படுத்திருந்தேன்றாங்க. அனுசுயா மாவு பாக்கெட்டு ரெண்டு குடுத்து அனுப்பறா. நான் இன்னா மாவு கேட்டா போனேன்?"

ரெனிதா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"யாரும் ஜெயிலுக்குப் போவணும்னு எனக்கு ஆச இல்லடி. திருடன்றாங்க அவர. தெருவுல போறப்போ என் காதுபடச் சொல்றாங்க. அது பொய்யின்னு ஆவணும். எவனாச்சும் ஒருத்தன், ஆமா நாங்கதான் தப்பா அடிச்சோம்னு சொல்லணும். அதுக்குத்தான் அலையறேன்."

டம்ளரைக் கீழே வைத்தாள்.

"உன் ஊட்டுக்கு மட்டும்தான் நான் எதும் கேக்க வரல. சும்மா உக்கார வந்தேன். நீ மட்டும் அந்நேரம் அங்க இருந்திருந்தா ஒரு வார்த்த சொல்லியிருப்ப. அய்யோ எங்க பாஸ்கல் அங்கிள்னு கத்தியிருப்ப. அவரு பொழச்சிருப்பாரு. நான் தினம் நெனச்சிக்கறேன், இவ ஒரு ரயில் முன்னாடி வந்திருக்கக் கூடாதான்னு."

கீழே யாரோ மோட்டார் போட்டார்கள். குழாயில் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டது.

"நான் இருந்தேன் ஆன்ட்டி," என்றாள் ரெனிதா.

லூர்தம்மாளுக்கு முதலில் புரியவில்லை.

"எங்க?"

"அங்க. மில்லு முனையில. கூட்டம் இருந்துச்சு. அவருன்னு எனக்குத் தெரில."

"எவ்ளோ தூரத்துல?"

"அனுசுயாக்கா கடையாண்ட. பத்தடி இருக்கும்."

"அவரு கொரலு கேட்டுச்சா?"

"இல்ல ஆன்ட்டி."

"யாரு அடிச்சான்னு பாத்தியா?"

"பாத்தேன்."

லூர்தம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் ரெனிதா நிறுத்தியிருக்கலாம். அதற்கு மேல் அவளை யாரும் கேட்கவில்லை.

"நானும் சொன்னேன் ஆன்ட்டி. நல்லா நாலு போடட்டும்னு. அனுசுயாக்காவாண்ட சொன்னேன். சொல்லிட்டு ஊட்டுக்கு வந்துட்டேன்."

லூர்தம்மாள் கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். அடித்தாலும் வாங்கிக்கொண்டிருப்பாள். லூர்தம்மாள் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தாள். வாசலில் செருப்பை மாட்ட அவளுக்கு நேரம் பிடித்தது. கால் வாருக்குள் போகவில்லை. ரெனிதா குனிந்து உதவப் போனபோது அந்தக் காலை இழுத்துக்கொண்டாள்.

"என்னாண்ட சொன்னா நான் இன்னா பண்றது? அங்க போய்ச் சொல்லு."

"நீங்களும் கூட வாங்க ஆன்ட்டி. இப்பவே போலாம்."

"அன்னிக்கு நீ தனியாத்தான அந்தப் பக்கம் போன?" என்றாள் லூர்தம்மாள். "தனியாவே போ."

ஒவ்வொரு படியாக, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். ரெனிதா மேலேயே நின்று, அந்தத் தலை திருப்பத்தில் மறையும் வரை பார்த்தாள்.

அன்றே போனாள். திருமுருகன் பழைய வாக்குமூலத்தை எடுத்து முன்னால் வைத்தார்.

"முன்னாடி வேற மாதிரி சொல்லியிருக்கீங்களே."

"பொய் சொன்னேன் சார்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் தினேஷின் பெயரைச் சொன்னாள். ஹெல்மெட்டின் நிறத்தைச் சொன்னாள். முகம் தெரிந்த இன்னும் இரண்டு பேரைச் சொன்னாள். எங்கே நின்றாள், எத்தனை அடி தூரம், எந்த ரயிலில் வந்தாள், எந்தச் சந்தில் புகுந்தாள் என்று அவர் கேட்கக் கேட்கச் சொன்னாள்.

"வேற எதாவது?"

"நானும் அடிக்கச் சொன்னேன் சார். அதையும் எழுதிக்குங்க."

"யாருகிட்ட சொன்னீங்க? அடிச்சவன்கிட்டயா?"

"இல்ல. பக்கத்துல நின்னவங்களாண்ட."

"அவங்களுக்குக் கேட்டுச்சா, அடிச்சவங்களுக்கு?"

"கேட்டிருக்காது."

திருமுருகன் சற்று நேரம் பேனாவை உருட்டினார். "அதுக்கு செக்‌ஷன் இல்லம்மா," என்றார். "இங்க ஒரு கையெழுத்து போடுங்க."

தினேஷை மறுநாள் சாயங்காலம் அழைத்துப் போனார்கள். அவன் மறுக்கவில்லை. அவன் சொன்ன பெயர்களில் இன்னும் ஐந்து பேர் அகப்பட்டார்கள். ராஜகுமாரி மாடிக்கு வந்து சண்டை போடவில்லை. தண்ணீரை நிறுத்தவில்லை. வீட்டைக் காலி செய் என்றும் சொல்லவில்லை. மாடிப்படியில் எதிரே வந்தால், ஆள் இல்லாத படியில் இறங்குவது போல இறங்கிப் போனாள். அதை ரெனிதாவால் பத்து நாள்தான் தாங்க முடிந்தது.

கிளம்புகிற அன்று அனுசுயா கடையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னா கண்ட? போன உசுரு திரும்ப வந்துச்சா? இருக்கறவன் வாழ்க்கையும் போச்சு."

"நீயும் அங்கதான்க்கா நின்ன."

"நான் எங்கடி நின்னேன்? நான் யாவாரம் பாத்துகினு இருந்தேன்."

குட்டி யானை வண்டியில் சாமான் ஏற்றியவன் டிரைவர் மட்டும்தான். பூந்தமல்லியில் பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு வெல்டிங் பட்டறைக்கு மேலே அறை கிடைத்தது. பகலெல்லாம் கிரைண்டர் சத்தம், மெட்ரோ வேலைக்கு வரும் லாரிகளின் தூசி. அம்பத்தூருக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஒரு கோயிலுக்குப் போய்க் கடைசி வரிசையில் நின்றாள். பூசை முடிந்து எல்லோரும் வாசலில் நின்று பேசுவார்கள். அவள் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே வந்துவிடுவாள். பங்கில் எந்த அன்பியக் குழு, வீடு எங்கே என்று ஒரு பெண்மணி விசாரித்தபோது, வெளியூர், சும்மா வந்தேன் என்றாள்.

மாதம் ஒரு முறை லூர்தம்மாளுக்குப் போன் செய்தாள். மணி அடித்து ஓயும். எண்ணை லூர்தம்மாள் மாற்றவில்லை, தடுத்து வைக்கவும் இல்லை. எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

வழக்கு விசாரணைக்கு வர ஒன்றரை வருஷம் ஆயிற்று. பூந்தமல்லி கோர்ட்டில் பத்தரைக்கு ஆஜராக வேண்டும். ரெனிதா ஒன்பதரைக்கே போய்விட்டாள். தாழ்வாரத்தில் நீளமாக ஒரு மர பெஞ்சு. அதன் ஒரு கோடியில் லூர்தம்மாள் உட்கார்ந்திருந்தாள். முழுக்க நரைத்திருந்தது. கைப்பிடி வைத்த தடி ஒன்று மடியில் கிடந்தது. மறு கோடியில் ராஜகுமாரி. கழுத்தில் கயிறு மட்டும் இருந்தது. இருவருக்கும் நடுவில் நாலு பேர் தாராளமாக உட்காரலாம். யாரும் உட்காரவில்லை. மற்றவர்கள் எல்லாம் சுவரோரமாக நின்றார்கள்.

ரெனிதாவும் தூண் ஓரமாக நின்றாள்.

லூர்தம்மாள் ஒருமுறை அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. முகவரி சரிதானா என்று பார்ப்பவளைப் போலப் பார்த்துவிட்டு, நீதிமன்ற அறையின் கதவுக்குத் திரும்பிக்கொண்டாள்.

போலீஸ் வண்டி வந்து நின்றது. தினேஷும் மற்றவர்களும் இறங்கினார்கள். தாழ்வாரத்தைக் கடக்கும்போது தினேஷ் தலையைத் தூக்கவில்லை. ராஜகுமாரி எழுந்து, கையை நீட்டி, போலீஸ்காரர் நகரச் சொன்னதும் மறுபடி உட்கார்ந்தாள். அவள் மூச்சு சத்தமாகக் கேட்டது. லூர்தம்மாள் தன் தடியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

பத்தே கால் ஆயிற்று. பத்தரை ஆயிற்று. நீதிபதி இன்னும் வரவில்லை என்றார்கள்; பதினொரு மணிக்கு மேல்தான் வந்தார். வெயில் ஏறித் தாழ்வாரத்துக்குள் வந்தது. தூணின் நிழல் நகர நகர ரெனிதாவும் அதோடு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, ராஜகுமாரி உட்கார்ந்திருந்த பக்கத்துக்கு வந்திருந்தாள். தான் நகர்ந்ததை அவள் கவனிக்கவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது; பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"எதுனா சாப்ட்டியா?" என்றாள் ராஜகுமாரி.

யோசித்துக் கேட்ட கேள்வி இல்லை. யாரிடம் கேட்டோம் என்பது அடுத்த கணம் அவளுக்கே உறைத்தது. வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெஞ்சின் மறு கோடியில் லூர்தம்மாளும் அதைக் கேட்டாள். அவள் திரும்பவில்லை.

"இல்லக்கா," என்றாள் ரெனிதா.

உள்ளிருந்து டவாலி வெளியே வந்து, கையில் இருந்த தாளைப் பார்த்து அவள் பெயரைக் கூப்பிட்டான். ஒரு முறை கூப்பிட்டான். அவள் பெஞ்சின் முதுகிலிருந்து கையை எடுக்கவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டான்.

அவள் கையை எடுத்துவிட்டு உள்ளே போனாள்.